பரத்பூர்க்காரர் தங்கராஜ் சேர்

செய்தி வந்தபோது நான் ஹட்டனில் முழங்கால் கிளினிக்கில் இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. தங்கராஜ் சேரின் மகள் வாசுகி கூப்பிட்டாள். "டீச்சர், அப்பா காலையில போயிட்டாங்க. தூக்கத்துலயே." நான் "சரிம்மா, வர்றேன்" என்றேன். உடனே எழுந்து ஓடவில்லை. என் இலக்கம் கிட்ட வந்திருந்தது, விட்டால் அடுத்த மாதம்தான். ஊசியைப் போட்டுக்கொண்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு, சேர் வீடு இருக்கும் வட்டகொடைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஒன்றும் கேட்காமல் தன் பையை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தாள்.

இப்படி அஞ்சலி எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. எங்கள் காலத்து ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள், ஒவ்வொருவருக்கும் என்னிடம்தான் வருகிறார்கள், தமிழ் டீச்சர் நாலு வரி எழுதுங்கள் என்று. பண்பாளர், பழக இனியவர், ஈடு செய்ய முடியாத இழப்பு. தங்கராஜ் சேரைப் பற்றி அப்படி எழுதினால் அவரே சிரிப்பார். அவர் பண்பாளர்தான், ஆனால் பெரிய பிடிவாதக்காரர். ஸ்டாஃப் ரூமில் அவர் நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அவர் புவியியல் படிப்பித்தார். நான் தமிழ். ஒரே பாடசாலையில் நரைத்தோம். அவருடன் இந்தியாவுக்குச் சுற்றுலா போன உங்களுக்கு இன்னொரு தங்கராஜ் சேரைத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு தை மாதமும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு டில்லி, மதுரா, ஆக்ரா, காசி என்று கூட்டிப்போய்க் கூட்டி வருவாரே, அந்தத் தங்கராஜ் சேர். நான் எழுதப்போவது அந்தப் பயணங்களில் ஒன்றைப் பற்றித்தான். அதை எழுதலாம் என்று வாசுகி சொல்லிவிட்டாள். "இனிமே மறைச்சு என்னா டீச்சர், எழுதுங்க" என்றாள்.

நம் மலையகத்து ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தியாவுல ஒங்களுக்கு எந்த ஊரு?" ஒருவர் துறையூர் என்பார், ஒருவர் புதுக்கோட்டை என்பார். போய்ப் பார்த்திருக்கவே மாட்டார்கள், ஆனாலும் ஊர் இருக்கும். தங்கராஜ் சேர் குடும்பத்தில் அந்தப் பெயர் எப்படியோ தொலைந்துவிட்டது. அவர் அப்பாவுக்கே தெரியாதாம். அதனால் யார் கேட்டாலும் இவர் கூசாமல் "பரத்பூர்" என்பார். கேட்டவர் அது தஞ்சாவூர்ப் பக்கமா என்று கேட்பார். ராஜஸ்தானில் இருக்கிறது என்று இவர் விளக்குவார். கோட்டையும் அரண்மனைகளும் உள்ள பழைய ராஜா ஊர், பக்கத்திலேயே பெரிய நீர்த்தடம், குளிர்காலத்தில் எங்கெங்கோ இருந்து பறவைகள் வந்து இறங்கும் இடம். படிக்கும் காலத்தில் ஏதோ பாடத்தில் வாசித்து மனதில் ஒட்டிக்கொண்டது. "எந்த ஊருன்னு தெரியாதவன் எந்த ஊர வேணும்னாலும் சொல்லிக்கலாம் டீச்சர். சொல்றதத்தான் சொல்றோம், நல்ல ஊரா சொல்லுவோமே" என்பார்.

பறவைக்குப் பாஸ்போர்ட் உண்டா, விசா உண்டா என்று ஒரு முறை யாரோ மேடையில் கவிதை வாசித்தார்கள். எல்லோரும் கை தட்டினோம். இவர் மட்டும் தட்டவில்லை. "குருவிக்கு வேற பிரச்சினை இருக்கு. அதுக்குப் பசி" என்று என் காதில் சொன்னார்.

ஒவ்வொரு பயணத்திலும் பரத்பூரைச் சேர்த்துப் பார்ப்பார். மதுராவிலிருந்து ஆக்ராவுக்குப் போகிற வழியில் கொஞ்சம் விலகினால் போதும். ஆனால் கூட்டம் விடாது. கோயில் இல்லாத ஊருக்கு என்ன வேலை, அந்த நேரத்தில் ஆக்ராவில் சேலை பார்க்கலாம் என்பார்கள். இவர் விட்டுக்கொடுத்துவிடுவார். அந்த வருடம் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மதுராவில் காலைச் சாப்பாட்டில் வைத்து, இன்று பகல் பரத்பூர், சாயங்காலம்தான் ஆக்ரா என்று அறிவித்துவிட்டார். உடப்புசல்லாவையிலிருந்து வந்திருந்த லெட்சுமி அக்கா பூரியைக் கீழே வைத்தார்.

"குருவி பாக்கவா சேர் இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம தோட்டத்துல குருவி இல்லயா?"

"நீங்க அரண்மனை பாருங்கக்கா. நான் குருவி பாக்குறேன்."

"அரண்மனையில என்னா இருக்கு?"

"வெள்ளக்காரன் பல தடவ முட்டிப் பாத்து முடியாம திரும்பிப் போன கோட்டை அது. கடைசியில பிடிச்சான்னு வைங்க, ஆனா லேசுல இல்ல. நாம மட்டுந்தான் ஒரு சண்டையும் இல்லாம தேயிலைக்குத் தலையக் குடுத்தோம். போய்ப் பாத்துட்டு வாங்க."

அவர் குரலில் இருந்த அவசரம் எனக்கு அப்போது புரியவில்லை. கூட்டத்தைக் கோட்டைக்குள், அரண்மனைப் பொருட்களை வைத்திருக்கும் நூதனசாலையில் இறக்கிவிட்டோம். படிகளைப் பார்த்ததுமே என் முழங்கால் மாட்டேன் என்றது. பஸ்ஸில் தனியாகக் குந்தியிருப்பதற்குப் பதிலாக அவருடன் போகிறேன் என்றேன். பறவை மேல் ஆசைப்பட்டுப் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரணாலயத்துக்குள் சைக்கிள் ரிக்‌ஷாதான். ஓட்டியவர் தலைப்பாகை கட்டிய சர்தார், பறவைப் பெயரெல்லாம் ஆங்கிலத்தில் தெரிந்தவர். ஏறுவதற்கு முன் தங்கராஜ் சேர் பையிலிருந்து ஒரு துண்டுச் சவர்க்காரத்தை எடுத்துக் கணுக்காலில் தேய்த்துக்கொண்டு என்னிடமும் நீட்டினார். நானும் தேய்த்தேன். சர்தார் வாயைப் பிளந்து பார்த்தார். புல்லைக் கண்டால் அட்டை ஏறும் என்று சவர்க்காரம் தேய்க்கிற பழக்கம் எங்களோடு ராஜஸ்தான் வரை வந்திருக்கிறது. அந்த ஊரில் அட்டைத் தொல்லையே இல்லையாம்.

உள்ளே ஒரே பனி. நுவரெலியா மாதிரிக் குளிர், நுவரெலியா மாதிரியே ஒன்றும் தெரியவில்லை. சேர் உற்சாகமாக இருந்தார். "பனியில எல்லாருக்கும் ஒரே பார்வைதான்" என்றார். வெயில் ஏறியதும் பனி மெல்ல விலகியது. சர்தார் பிரேக் பிடித்து இடது பக்கம் கை காட்டினார். தண்ணீருக்குள் நின்ற ஒரு முள்மரம் முழுக்க நாரைகள், கூப்பிடு தூரத்தில். தங்கராஜ் சேர் வலது பக்கம் திரும்பி, ஒன்றுமே இல்லாத வெற்றுத் தண்ணீரைப் பார்த்து, "அடடா, எவ்வளவு அழகு" என்றார்.

ஒவ்வொரு பயணத்திலும் அவர் பிடிக்கும் பெரட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. அதே மாதிரி இவர் பஸ் புறப்படும் முன் முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், நாங்கள் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். தாளும் கிடையாது, ஒன்றும் கிடையாது, எல்லாம் மனப்பாடம். முதலில் தன் பெயரையே கூப்பிட்டு, தானே "இருக்கேன்" என்பார். நாம் எல்லோரும் சிரிப்போம். எஸ்டேட் புத்தி போகவில்லை என்று கேலி செய்வோம். தலையை எண்ணினால் முடிகிற வேலைக்கு ஏன் இந்தக் கூத்து என்று நான்கூட எரிச்சல்பட்டிருக்கிறேன். தலையை எண்ணுவதற்குக் கண் வேண்டும்.

"எவ்வளவு நாளா சேர்?" என்றேன்.

அவர் சமாளிக்கப் பார்க்கவில்லை. "கொஞ்ச வருசமா. கண்ணுல அழுத்தமாம். ஓரமெல்லாம் போயிருச்சு. நடுவுல ஒரு ஓட்டை மாதிரித் தெரிஞ்சிச்சு, அதுவும் இப்ப மங்கிக்கிட்டே வருது. டொக்டர் இனிமே ஒண்ணும் செய்ய ஏலாதுன்னுட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும் சொல்லிறாதீங்க டீச்சர். தெரிஞ்சா என்னய வீட்டுல குந்த வச்சிருவாங்க. மிச்சமுள்ள ஓட்டையோட இந்த ஊரப் பாத்துரணும்னு வந்தேன். கொஞ்சம் பிந்திட்டேன் போல."

சர்தார் அந்த நாரைகளின் பெயரைச் சொல்லிவிட்டு மிதிக்கப் போனார். சேர் நிறுத்தச் சொன்னார். "பேரு எனக்குத் தெரியும் டீச்சர். எப்படி இருக்குன்னு நீங்க சொல்லுங்க."

நான் ஆரம்பித்தேன். வெண்பஞ்சு மேகம் தரையிறங்கியது போல என்று ஏதோ வந்தது. "வர்ணனைக் கட்டுரை வேணாம் டீச்சர்" என்றார். "அதத்தான் வருசக்கணக்கா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்களே, போதாதா? கண்ணுல படுறதச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் தமிழ் சரியாக வந்தது. "வெள்ளச் சட்ட. ரெக்கையில கறுப்பு வரி. மஞ்ச மூக்கு. பின்னாடி மட்டும் ரோஸ், காயாத பெயிண்ட்டு மேல உக்காந்து எந்திரிச்ச மாதிரி இருக்கு" என்றேன். அவர் குலுங்கிச் சிரித்தார். அதன் பிறகு எனக்கு ஒரு வேகம் பிடித்துக்கொண்டது. "இந்தா, கறுப்பா ஒண்ணு, ரெண்டு ரெக்கையையும் விரிச்சுக்கிட்டு நிக்குது, கொழுந்தெடுத்துட்டு வந்து இடுப்புல கட்டுன ஈரப் படங்கக் காயப் போட்ட மாதிரி." அவர் "நீர்க்காகம்" என்றார். "கறுப்புக் கோட்டு, தலையில மட்டும் செவப்பு. மேல பாக்காம மண்ணையே பாத்து நடக்குது, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேலையில கொறை தேடுற மாதிரி." "அரிவாள்மூக்கன்" என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் அந்தந்தப் பக்கம் திரும்பியது. பார்த்துக்கொண்டிருக்கிறவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. சாரஸ் கொக்கு. ஆள் உயரம், எப்போதும் சோடியாகத்தான் நிற்கும், அதைப் பார்க்காமல் பரத்பூர் பார்த்ததாகாது என்றார். சர்தார் எங்கெங்கோ கொண்டுபோய் நிறுத்தினார். இல்லை. லெட்சுமி அக்கா இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். வெயில் சாயத் தொடங்கியது. அந்த மனுசனுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தூரத்தில் வெறும் நாணல். நான் அதைப் பார்த்து, "சேர், அந்தா நிக்குது, ரெண்டு" என்றேன்.

அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி, "கால் என்ன நிறம்?" என்றார்.

"மஞ்சள்."

"அதுக்குக் கால் செவப்பு டீச்சர்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கோபிக்கவில்லை. களைத்துப் போன குரலில் சொன்னார்: "இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. நீங்க இல்லன்னு சொன்னாத்தான், இருக்குன்னு சொன்னதையெல்லாம் நான் நம்பலாம்."

"இல்ல சேர்" என்றேன்.

"சரி. போவோம்."

பஸ்ஸுக்குத் திரும்பியதும் பெரட்டு நடந்தது. தன் பெயரைக் கூப்பிட்டு "இருக்கேன்" என்றார். "குருவி பாத்தீங்களா?" என்று லெட்சுமி அக்கா கேட்டார், கொஞ்சம் குத்தலாகத்தான். "நல்லாப் பாத்தேன்கா. டீச்சர் காட்டுனாங்க" என்றார். அன்றிலிருந்து என் ஆசனம் அவர் பக்கத்தில், பெரட்டில் என் பெயர் இரண்டாவது. படிக்கட்டில் நான் அவர் கையைப் பிடித்தது முழங்கால்காரிக்கு அவர் உதவுகிறார் என்றே உங்களுக்குத் தெரிந்தது, சாப்பாட்டுத் தட்டில் எது எங்கே என்று நான் முணுமுணுத்தது உங்கள் காதில் விழவில்லை. அதற்குப் பிறகும் சில தை மாதங்கள் அவரால் கூட்டிப்போக முடிந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. பார்வை முழுதாகப் போன பிறகு முதுகுவலி என்று சொல்லிப் பயணங்களிலிருந்து நின்றுகொண்டார். தோட்டத்து ஆபீசில் எழுத்தராக இருந்த, எங்களோடு எப்போதும் வரும் கிருஷ்ணன் கிளாக்கர் பொறுப்பை எடுத்துக்கொண்டார், பெரட்டையும் சேர்த்து.

பிறகு சாயங்காலங்களில் தொலைபேசி வரும். "இன்னிக்கு ஜன்னல்ல என்னா இருக்கு டீச்சர்?" கொண்டைக்குருவி என்பேன், பனி என்பேன். சில நாள் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், அடுப்பில் கறி இருக்கும். எட்டிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல சேர்" என்று வைத்துவிடுவேன். அதற்கும் "சரி" என்பார், திருப்தியாக. இப்போது அந்த நேரத்தில் தொலைபேசி அடிப்பதில்லை. நான் மட்டும் ஜன்னலுக்குப் போய் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு வருகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கமும், இல்லாததை இல்லை என்று சொல்லும் அந்த ஒரு பாடமும்தான்.

பாடத்தை ஒப்புவிக்க வேண்டியும் வந்தது. கருமாதிக்கு நாம் எல்லோரும் ஹட்டனிலிருந்து ஒரே வேனில் புறப்பட்டோம். மழை விடவே இல்லை. ஏறி உட்கார்ந்ததும் கிருஷ்ணன் கிளாக்கர் முன்னால் நின்றுகொண்டு பழக்கதோஷத்தில் பெரட்டைத் தொடங்கிவிட்டார். அவர் காதால் கேட்டுப் பழகிய வரிசை அது, சேர் நின்றுகொண்ட பிறகும் மரியாதைக்கு அந்தப் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவார், "வீட்டுல இருக்காரு" என்று யாராவது குரல் கொடுப்போம்.

"தங்கராஜ் சேர்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். லெட்சுமி அக்கா சேலைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டார். டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. யாராவது ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"இல்ல" என்றேன். "அடுத்த பேரக் கூப்பிடுங்க."

கிளாக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பவானி டீச்சர்" என்றார்.

"இருக்கேன்" என்றேன்.