மைனி அவரைக் கூப்பிடவில்லை

எழுதப் பழகியவள் இல்லை நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. முன்னது பின்னதாக வரும், பாதி மறந்தும் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. அதனால்தான் உங்கள் பத்திரிகைக்கு இந்தக் காகிதம்.

எங்கள் மாடி அறையில் ஓர் எழுத்தாளர் வாடகைக்கு இருந்தார். சொந்த ஊர் மில்லர்புரம்தான், பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். கடற்கரை மக்களின் பேச்சைக் கேட்டு நாவல் எழுதப்போகிறேன் என்றார். பக்கத்து வீட்டு மைனியிடம் நான்தான் கூட்டிப்போனேன். மைனி என்றால் அண்ணி. உறவு ஒன்றும் இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படியே கூப்பிட்டுப் பழக்கம்.

மைனியின் வீட்டுக்காரர் கடலில் போனவர். வள்ளம் திரும்பவில்லை. அன்று விடியலில் அவர் சோற்றுத் தூக்கை மறந்து வைத்துவிட்டுப் போனார். மைனி அதை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். அவர் முதுகு காட்டி நடந்துகொண்டிருந்தார். கடலுக்குப் போகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிட எங்கள் பக்கத்தில் எவளுக்கும் நாக்கு எழாது. கூப்பிட்டால் கடல் அவரை விடாது என்பார்கள்.

"நான் கூப்பிடல தம்பி," என்று மைனி அந்த எழுத்தாளரிடம் சொன்னாள். "வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். வள்ளம் மறையுற மட்டும் தூக்கு கையிலதான் இருந்துச்சு. பசியோட போயிட்டாரேன்னு இன்னைக்கும் எனக்குச் சோறு இறங்காது."

அவர் போனில் பதிந்துகொண்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

புத்தகம் வந்தது. டவுனில் ஒரு மண்டபத்தில் கூட்டம். மைனியும் நானும் நல்ல சேலை கட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். எழுத்தாளர் எழுந்து, தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, கையை ஆட்டி வாசித்தார். மீன்காரி ஒருத்தி கரையில் ஓடுகிறாள். "ஏலே, நில்லுலே. தூக்குச்சட்டிய மறந்துட்டுப் போறியேலே. எங்கன போயித் திம்பலே" என்று புருசனைப் பார்த்துக் கத்துகிறாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறான், சாகிறான். மண்டபம் சிரித்தது. ஒவ்வொரு 'லே'க்கும் ஒரு சிரிப்பு.

புருசனை 'லே' போடுகிறவள் எந்தத் தெருவில் இருக்கிறாள்? சண்டையிலும் 'இந்தாரும்' என்று மரியாதையாகத்தான் வரும். அது கிடக்கட்டும். நல்ல மீனுக்கு உப்பு அளவாகப் போதும். நாறினதுக்குத்தான் அள்ளி அள்ளிப் போடுவார்கள்.

அதே கதையில் மில்லர்புரத்திலிருந்து வருகிற வாத்தியார் ஒருவர் உண்டு. எல்லாரையும் திருத்துகிறவர். அவர் மட்டும் "நான் நாளை வருகிறேன், அம்மா" என்று ரேடியோ மாதிரிப் பேசுகிறார். இந்த எழுத்தாளர் எங்கள் மாடிப்படியில் நின்று தன் தாயாரிடம் போனில் பேசியதை நான் தினமும் கேட்டவள். "ஏம்மா, இங்கன கரண்டு இல்ல. நாளைக்கு வாரேன். அவன் என்ன சொல்லுதான்?" தன் வாயில் இருப்பதைத் துடைத்துவிட்டு எங்கள் வாயில் அப்பிவிட்டார். இதற்கு ஒரு பொன்னாடை வேறு.

மைனி பாதியில் எழுந்து போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

மறுநாள் எழுத்தாளர் எனக்கு ஒரு புத்தகம் கொண்டுவந்தார். தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, "மைனி கூப்பிடலன்னுதானே தம்பி சொன்னா?" என்று கேட்டேன்.

"அது கற்பனைம்மா. சும்மா நின்னாங்கன்னு எழுதினா பேச்சு எங்கேருந்து வரும்? வட்டார வழக்கு இருந்தாத்தான் கடற்கரைக் கதைன்னு நம்புவாங்க."

"காப்பி ஆறுது தம்பி," என்றேன். அவர் ருசித்துக் குடித்தார்.

பேசாமல் நின்றவளை எழுதத் தெரியாத ஆள், பேச்சை மட்டும் எழுதத் தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப்போகிறார்?

மைனியின் மகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அங்கே யாரோ அவனுக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். மைனி மதில் பக்கம் வந்து நின்று சொன்னாள்.

"எம்மவன் கேக்கான்ளா, 'அப்பாவ நீ பின்னால இருந்து கூப்பிட்டியாம்மா'ன்னு. இல்லன்னு சொன்னா, 'புஸ்தகத்துல இருக்கே'ங்கான். நீதானே அந்தாள கூட்டிட்டு வந்த. இப்ப நீ சொல்லு."

கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. மகனிடம் நேரில் போய்ச் சொன்னேன். "நீங்க அவுகளுக்குச் சிநேகிதி, அப்படித்தான் சொல்லுவிய," என்றான். அச்சில் வந்ததற்குத்தான் மதிப்பு. அப்படியானால் இதுவும் அச்சில் வரட்டும்: மைனி கூப்பிடவில்லை.

மைனி சொன்னதாக மேலே எழுதியிருப்பது என் ஞாபகத்தில் இருந்த மட்டும்தான். ஒரு சொல் கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான் போனால் கதவு திறக்காது. அச்சுப் போடுவதற்கு முன் யாராவது அவள் வீட்டுக்குப் போய் இதை வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேளுங்கள். மகன் வீட்டில் இருக்கிற நேரமாகப் போங்கள். நான் இப்படிச் சொல்லவில்லை என்று அவள் எந்த வரியைச் சொல்கிறாளோ, அதை அடித்துவிடுங்கள்.