சுற்றுலாவில் சேர்ந்த சன்னல்

வடக்குக் கல்கத்தாவில் எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகளையும் படப்பிடிப்பு நடந்த சந்துகளையும் பன்னிரண்டு வருடமாகப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டி வந்தவள் எங்கள் தெரு மந்திரா. அந்தத் தொழிலில் கூட்டாளியான சுபிமல் அவளை ‘தீதி’, அதாவது அக்கா, என்றே கூப்பிடுவான்; அவளும் அவனைத் தம்பியாகவே நினைத்திருந்தாள். ஒருநாள் காலை அவள் மீன் வாங்கித் திரும்பியபோது, அவள் வீட்டெதிரே அவன் இருபது பயணிகளை நிறுத்தியிருந்தான்.

“இந்த வீட்டம்மா நடிகையாகணும்னு ஓடிப்போனாங்க. ஒரு சீன்லகூட முகம் வரல. புத்தி பேதலிச்சுத் திரும்பி வந்து அந்தச் சன்னல்லயே உக்காந்திருந்து செத்தாங்க,” என்றான். எல்லோரும் சன்னலைப் படமெடுத்தார்கள்.

அது மந்திராவின் அம்மா. அந்தக் கதையை அவள் அவனிடம் மட்டுமே சொல்லியிருந்தாள்.

“எங்கம்மாவையாடா காட்டுற, சுபிமல்?”

“கோவிச்சுக்காத தீதி. எல்லாருக்கும் ரொம்பப் புடிச்ச இடமே இதுதான்.”

அவள் மாடியேறிச் சன்னலைச் சாத்தினாள். அதன்பின் அவனோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊர் சுற்றிக்காட்டவும் போகவில்லை.