பக்கத்தை மூட வேண்டாம்

அலுவலகத்தில் அவளுக்கு ‘முற்றுப்புள்ளி’ என்று பெயர். மற்றவர்கள் எழுதிய கணினி நிரலில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள். பதினொரு வருடமாக இணையதளங்கள் செய்கிற வேலை. அவள் பார்த்துச் சரி என்றால் மேலாளர் மறுபடி திறந்துகூடப் பார்க்கமாட்டார். அந்த நம்பிக்கைதான் வினையாகிப் போனது.

இலவசக் கண்புரை அறுவைக்குப் பெயர் பதிவு செய்ய ஒரு கண் மருத்துவமனை அவர்களிடம் தளம் செய்து வாங்கியிருந்தது. அங்கிருந்து ஒரே ஒரு குறை வந்தது. ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தியதும் ஒன்றுமே நடக்காததுபோல் இருப்பதால், ஜனங்கள் நாலைந்து தடவை அழுத்துகிறார்கள். ஒரே ஆள் ஐந்து ஆளாகப் பதிவாகிறார்.

“மேல ஒரு திரை போட்டு மறைச்சுடுங்க. வேலை முடியுற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது,” என்றார் மேலாளர்.

அவளுக்கு அது கைவந்த கலை. பக்கம் முழுவதையும் மூடும் சாம்பல் நிறத் திரை, நடுவில் சுற்றும் நீல வட்டம், கீழே ‘பதிவாகிறது. பக்கத்தை மூட வேண்டாம்’ என்று ஒரு வரி. வட்டம் எந்த வேகத்தில் சுற்றினால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்று பார்ப்பதிலேயே அரை நாள் போனது. பதிவு முடிந்ததும் திரை விலக வேண்டும் என்று எழுதினாள். பதிவு நடக்காமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தவள், அடுத்த வேலையில் அதை மறந்தே போனாள். சோதித்துப் பார்க்கிறவர் விடுப்பில் இருந்தார். “நானே பாத்துட்டேன் சார், தளத்துல ஏத்திடலாம்,” என்று சொன்னதும் அவள்தான்.

அவள் வீட்டுக்குக் கீழே தையல்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு வலது கண்ணில் புரை. ஊசியில் நூல் கோக்க எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவிடம் அவள் தானாகவே போய், “இந்த வருஷத்துக்கு இனி நாளைக்கு ஒருநாள்தான் பதிவு, அக்கா. நான் செஞ்ச சைட்டுதான், கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்,” என்றாள்.

“ஏற்கெனவே பாதி மூடித்தான் கிடக்கு,” என்று அக்கா சிரித்தார்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம் தாங்காமல் சர்வர் திணறியது. சில நிமிடங்களில் தானாகவே சரியாகிவிட்டதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்குப் பதிவு முடிந்தது.

அவள் வீடு திரும்பியபோது அக்கா கடையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே, சார்ஜரில் சொருகிய ஃபோன்.

“ரெண்டு மணியிலேர்ந்து சுத்திக்கிட்டே இருக்கும்மா. மூட வேண்டாம்னு போட்டிருந்துச்சா, நான் கையே வைக்கலை. வந்த ஃபோனைக்கூட எடுக்கலை. இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?”

அவள் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். மதியமே செத்துப்போன பதிவின்மேல் நீல வட்டம் இதமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“நெட்வொர்க் பிரச்சினையா இருக்கும், அக்கா,” என்று வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை சர்வரின் பதிவேடுகளைத் தோண்டினாள். திரைக்குள் சிக்கிக்கொண்டவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களுடைய ஃபோன் எண்கள் மட்டும் இருந்தன. பதிவு தவறினால் திரையை விலக்கி, ‘பதிவாகவில்லை, மறுபடி முயலுங்கள்’ என்று சொல்லும் வரிகளைச் சேர்த்தாள். ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடம்தான் அவளைக் குடைந்தது. நாள்கணக்கில் ஆகியிருந்தால்கூட ஒரு சாக்கு இருந்திருக்கும்.

“ஆஸ்பத்திரிக்கு நெட்வொர்க் பிரச்சினைன்னு சொல்லியாச்சு. முடிஞ்ச கதையை ஏன் கிளறுறீங்க?” என்றார் மேலாளர்.

“அவங்களுக்கு முடியலையே சார். ஆஸ்பத்திரிக்கு நானே மெயில்ல உண்மையைச் சொல்றேன், என் பேரை மட்டும் போட்டுக்கிறேன்.”

போட்டாள். அந்த நாற்பத்தொரு பேருக்காக மருத்துவமனை இன்னொரு நாள் பதிவைத் திறந்தது. இனி அவள் தனியாக எதையும் ஏற்றக்கூடாது என்று அலுவலகத்தில் உத்தரவு வந்தது.

அன்று மாலை தையல்கடைக்குப் போனாள்.

“அக்கா, அது நெட்வொர்க் இல்லை. நான் எழுதினதுலதான் தப்பு. மறுபடி பதிவு திறந்திருக்காங்க.”

அக்கா ஒரு ரவிக்கையின் கைத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“நானும் துணியைத் தப்பா வெட்டியிருக்கேன். அதுக்கு ஒண்ணும் சொல்லலை. ஆனா அவ்ளோ நேரம் உக்காந்திருந்தவகிட்ட வாய் கூசாம ஒரு பொய் சொன்னியே.”

அக்கா மடியிலிருந்த நூல் துண்டுகளைத் தட்டிவிட்டு, “சரி, அந்த ஃபோனை எடு. இந்தத் தடவை பக்கத்துலயே இருந்து போட்டுக் குடு,” என்றார்.

மறுபடி பதிவு செய்யச் சொல்லி மற்ற நாற்பது பேரையும் அவளே ஒவ்வொருவராக அழைத்தாள். சிலர் திட்டினார்கள், ஒருவர் நன்றி சொன்னார். திட்டே தேவலாம் என்றிருந்தது. ஒரு எண் மட்டும் எத்தனை தடவை அடித்தாலும் எடுக்கப்படவே இல்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் அக்காவுக்குத் தேதி கிடைத்தது. துணைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். அறுவை நல்லபடியாக முடிந்தது. அக்காவை வெளியே அழைத்து வரும்வரை அவள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிர் பெஞ்சில் முதியவர்கள் வரிசையாக இருந்தார்கள். எடுக்காத அந்த எண்காரர் இவர்களில் ஒருவராக இருந்துவிடக் கூடாதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.