கல்லாவை விட்டு இறங்காத தலைமையாசிரியர்

எங்கள் தலைமையாசிரியர் கனகசபாபதி சாருக்கு முதல் நெஞ்சுவலி வந்தபோது அவர் சாக்பீஸ் எண்ணிக்கொண்டிருந்தார். கேலிக்காகச் சொல்லவில்லை. ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர், பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த வகுப்புக்கு எத்தனை சாக்பீஸ் என்று தன் கையாலேயே எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். அறிவியல் வாத்தியாரான நான், செல்வக்குமார், ரேஷன் கடையில் நிற்பதுபோல் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்படியே நாற்காலியில் சாய்ந்தவரைத் தூக்கிக்கொண்டு விருதுநகருக்கு ஓடினோம்.

"வேலையைக் குறைக்கலைன்னா அடுத்த தடவை உயிருக்கு நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அது 2006-ஆம் வருஷத்து ஆடி மாதம்.

சாரின் வீட்டம்மா ஆவுடைத்தாய், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னை மறித்துக்கொண்டார். "தம்பி, பேரு புகழெல்லாம் எங்களுக்கு வேண்டாம். அவுகள தெனமும் உசுரோட வீட்டுக்கு அனுப்பி வைங்க. அம்புட்டுத்தான் நான் கேக்குறது."

கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் அனுப்ப வேண்டிய ஆள் கனகசபாபதி சார் அல்லவா! அவர் விருதுநகரில் வத்தல், மல்லி கமிஷன் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கல்லாவில் முதலாளிதான் உட்கார வேண்டும், அடுத்தவனை உட்காரவிட்டால் கடை அவனுடையதாகிவிடும் என்பது அவருடைய அப்பா தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டிய பாடம். கடை எப்போதோ பங்கு பிரிந்து போயிற்று. பாடம் மட்டும் போகவில்லை. ஆமத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தலைமையாசிரியராக வந்து, அதையும் கல்லாவாக்கி ஏறி உட்கார்ந்துகொண்டார். மணி அவர்தான் அடிப்பார். சத்துணவை அவர்தான் ருசி பார்ப்பார். கக்கூஸ் சாவிகூட அவர் இடுப்பில்தான் தொங்கும். அவசரத்துக்கு ஒதுங்க வேண்டிய டீச்சர்கள் அவரைத் தேடிப் பள்ளிக்கூடம் முழுக்க அலைவார்கள்.

ஓய்வு முடிந்து அவர் திரும்பி வந்த அன்று நான் துணிந்து பேசினேன்.

"சார், எங்க அப்பா பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்காரு. அங்க ஒரு ரூமுக்குள்ள நாலு பேருக்கு மேல உக்கார விடமாட்டாக. வெடிமருந்தையும் பிரிச்சுப் பிரிச்சுத்தான் வைப்பாக. ஒண்ணு வெடிச்சாலும் மத்தது தப்பணும்ல. நீங்க இந்தப் பள்ளிக்கூடத்து மருந்து அம்புட்டையும் உங்க ஒரு தலைக்குள்ள வச்சிருக்கீக."

"அது பட்டாசுய்யா. இது பள்ளிக்கூடம்" என்றார். ஆனாலும் வீட்டம்மாவுக்குப் பயந்தோ, டாக்டருக்குப் பயந்தோ வேலைகளைப் பிரித்துக் கொடுக்கச் சம்மதித்தார். சத்துணவு பத்திரகாளி டீச்சருக்கு. மணியும், வராத பிள்ளைகளை அழைத்து வருவதும் தங்கத்தாய் டீச்சருக்கு. தேர்வும் பீரோவும் எனக்கு. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவும் வீண்.

பத்திரகாளி டீச்சர் சோற்றை ருசி பார்த்து முடித்ததும், சார் தட்டோடு வந்து நின்று தானும் ருசி பார்த்தார். பிறகு சமையல்கார அம்மாவைத் தனியே கூப்பிட்டு, "டீச்சர் உப்புப் பார்த்தாகளா, சும்மா பேருக்கு வாயில வச்சாகளா?" என்று விசாரித்தார். தங்கத்தாய் டீச்சர் மணி அடிக்கப் போனால், வராந்தாவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நான் பீரோவைத் திறந்தால் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நீங்க எடுங்க, செல்வக்குமார். நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்பார். அந்த ஒன்றும் சொல்லாத பார்வைக்குக் கீழே மனிதன் சாக்பீஸ் எடுக்க முடியுமா? முன்பு வேலையை மட்டும் பார்த்தவர், இப்போது வேலையையும் பார்த்து, வேலை பார்ப்பவர்களையும் பார்த்தார். பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்து, அதனாலேயே வேலை இரட்டிப்பான மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

புரட்டாசி பிறந்தது. தீபாவளி சீசன். கம்பெனிகளில் ஓவர்டைம் தொடங்கினால், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். வகுப்பில் பாதி பெஞ்சு காலி. தங்கத்தாய் டீச்சர் விடிந்ததும் கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்குப் போனார். மதினி, சித்தி என்று முறை வைத்துப் பேசி, கைப்பிள்ளையை இன்ன வீட்டில் விடு, பெரியவளைப் பள்ளிக்கு அனுப்பு என்று ஒவ்வொரு தாயிடமும் பேசி முடித்தார். பெஞ்சுகள் நிறையத் தொடங்கின.

சாருக்குப் பொறுக்குமா? ஒருநாள் விடிகாலையில் விருதுநகரிலிருந்து டிவிஎஸ் பிஃப்டியை உருட்டிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். அவரைக் கண்டதும் அதுவரை வாயாடிக்கொண்டிருந்த பெண்கள் கப்சிப். அவர் இறங்கி, கல்வியின் அவசியம் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். எல்லோரும் தலையாட்டிவிட்டு வேனில் ஏறிப் போனார்கள். மறுநாள் வகுப்பு மறுபடி காலி.

தங்கத்தாய் டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க வர்றதா இருந்தா நான் எதுக்கு சார்? எங்கிட்டக் குடுத்த வேலைய எங்கிட்ட விட்டாத்தான் என்ன?"

"உங்களுக்கு உதவியா இருக்கட்டுமேன்னு வந்தேன்மா."

"நீங்க வராம இருந்தா அதுவே உதவி சார்."

நான் சொல்ல நினைத்ததை டீச்சர் சொல்லிவிட்டார். ஆனால் சார் மறுநாளும் போனார். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அடுத்த வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் அது என்னவென்று யாரும் கேட்க மாட்டார்கள். புகை எந்தத் திசை என்றுதான் பார்ப்பார்கள். கிழக்கே எழும்பியது. அந்தக் கம்பெனியில்தான் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் தாய்மார் வேலை பார்த்தார்கள். வகுப்புகளிலிருந்து அழுகை கிளம்பியது.

சார் அறையை விட்டு ஓடி வந்தார். "கேட்டை மூடுங்க! நான் சொல்லாம ஒரு பிள்ளையும்..." என்று கத்தியவர், வார்த்தையை முடிக்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்து நின்றோம். அப்படிப் பழக்கிவைத்திருந்தார் மனிதர்! நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

முதலில் அசைந்தது தங்கத்தாய் டீச்சர்தான். "பத்திரகாளி, நீ சாரைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. செல்வம், நீங்க வண்டிய எடுத்துட்டுக் கம்பெனிக்குப் போய் யாருக்கு என்னன்னு பார்த்துட்டு வாங்க. பிள்ளைகள நான் பார்த்துக்கிறேன்."

போனேன். திரி காயவைத்திருந்த இடத்தில் தீப்பிடித்து, பக்கத்து ஷெட்டின் கூரை பறந்திருந்தது. இரண்டு ஆண்களுக்குக் கையில் தீக்காயம். உயிருக்கு ஒன்றுமில்லை. பெண்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் வெளிறிப்போய் நின்றார்கள். ஒவ்வொருவராகக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி, வகுப்பு வகுப்பாகப் போய், "உங்க அம்மா நல்லாருக்கா, இப்ப வந்துருவா" என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். தாய்மார் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை ஒரு பிள்ளைகூட வெளியே ஓடவில்லை.

மறுநாள் காலையில் பள்ளியைத் தங்கத்தாய் டீச்சரிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சார் பிழைத்துக்கொண்டார். வீட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைக?" என்றார் சார்.

"எல்லாரும் நல்லாருக்காக சார்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் பள்ளிக்கூடம் நல்லபடியா நடக்குது. நீங்க கவலைப்படாதீக."

அவர் கண் கலங்கியது. நிம்மதியில் என்று நினைத்தேன். இல்லை.

"நான் இல்லாட்டி நடக்காதுன்னு பயந்ததாத்தான நீங்கள்லாம் நெனச்சீக, செல்வக்குமார்? நான் இல்லாமலே நடந்துருமோன்னுதான்யா பயந்தேன்."

எனக்குக் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது. கோபம்தான் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இதற்காகவா இரண்டு தடவை சாகப் பார்த்தீர் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஆவுடைத்தாயம்மா சாத்துக்குடியைத் தட்டில் வைத்தார்.

"கல்யாணமான நாள்ல இருந்து நம்ம வீடு நீங்க இல்லாமத்தான் நடக்குது. பிள்ளைக ரெண்டும் நீங்க இல்லாமத்தான் வளந்துச்சுக. அதுக்கு ஒரு நாளாவது பயந்திருக்கீகளா?"

சார் அவர் முகத்தையே பார்த்தபடி படுத்திருந்தார்.