தார்ப்பாய் செட்டுக்காரர்கள்

எங்கள் பேண்டுக்கு ஏன் தார்ப்பாய் என்று பேர் வைத்தீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை. யூடியூப்காரர்கள் மைக்கை நீட்டும்போதெல்லாம் எங்கள் கிட்டார்காரன் தாடியைத் தடவிக்கொண்டு, "வெயிலோ மழையோ, எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டுவர்றதுதாங்க எங்க மியூசிக்" என்று அளப்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பச்சைப் பொய். அந்தப் பேரை நாங்கள் வைக்கவே இல்லை. ஊர் வைத்தது, அதுவும் கேலிக்கு. உண்மையைச் சொல்ல எனக்கு இத்தனை நாள் வாய் வரவில்லை, ஏனென்றால் அதில் என் தப்பும் இருக்கிறது. இந்தத் தடவை எழுதிவிடுகிறேன். பேரெல்லாம் போடக் கூடாது என்று மற்ற மூன்று பேரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போட்டால் என் பேஸ் கிட்டாரின் கம்பியை அறுத்துவிடுவானாம் ஒருத்தன்.

நாங்கள் நாலு பேர். தஞ்சாவூரில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. கிட்டார்காரன் நாகூர். விரலும் வேகம், வாய் அதைவிட வேகம். அவனுடைய உம்மா, வாடா என்று அவர்கள் சொல்லும் இறால் வடையைச் சுட்டுக் கட்டிக்கொடுத்தால் அன்றைக்கு எங்கள் பயிற்சி அரை மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்கும். பாடுகிறவன் தரங்கம்பாடி, கடலுக்குப் போகிற குடும்பம். அவன் அம்மா கரையில் மீன் ஏலம் விடுகிறவர். அந்தத் தொண்டை அப்படியே இவனுக்கு வந்திருந்தது, மைக் இல்லாமலே பாடுவான். தஞ்சாவூர் டவுன்காரி நான் ஒருத்திதான். பேஸ் கிட்டாருக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால் நான் பேஸ் வாசிக்கிறேன். இதில் பெரிய கதை ஒன்றும் இல்லை.

டிரம்ஸ்காரனைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவனுக்கு. தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர். அப்பா கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாக நிலம் வாங்கி, அதில் விளைந்த நெல்லில்தான் மகனைக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தார். இவனுக்குக் கை சும்மா இருக்காது. பெஞ்சில் தட்டுவான், பஸ் கம்பியில் தட்டுவான், மோபெட்டின் பெட்ரோல் டேங்கில் தட்டுவான். அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், சோற்றுத் தட்டில் அவன் போடுகிற தாளத்துக்கு அடுப்படியிலிருந்து அம்மா கத்துவார். "ஏன்டா, சோத்தைத் தின்னப்போறியா, மோளம் அடிக்கப்போறியா?" அவன் சிரித்துக்கொண்டே இன்னும் ரெண்டு தட்டுத் தட்டுவான். எனக்கு அந்த வீட்டில் மிகவும் பிடித்தது அந்தச் சத்தம்தான்.

கீழவாசலில் பூட்டிக் கிடந்த ஒரு பாத்திரக் கடையின் மாடியில் பயிற்சி செய்தோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டிரம்ஸ், இரவல் ஆம்ப். பாட்டு நாலு தேறியிருந்தது, பேர் மட்டும் தேறவில்லை. மூன்று மாதம் சண்டை போட்டோம். கிட்டார்காரனுக்கு இங்கிலீஷில், நெருப்பும் இருட்டும் கலந்து ஏதாவது வேண்டும். பாடுகிறவனுக்குக் கடல் வேண்டும். நான் இரண்டையும் கிண்டல் செய்தேனே தவிர, என் பங்குக்கு ஒரு பேரும் சொல்லவில்லை. அந்தச் சண்டை முடிவதற்குள் முதல் மேடை வந்துவிட்டது.

மேடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். டிரம்ஸ்காரனின் ஊரில் பொங்கல் விளையாட்டு விழா. பள்ளிக்கூடத் திடலில் உறியடி, கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், அப்புறம் பரிசளிப்பு. அதற்கு முன்னால் நாலு மணிக்கு எங்களுக்கு அரை மணி நேரம். அதைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருந்தான் டிரம்ஸ்காரன். காலையில் போய் இறங்கினால், நாலு மரப்பெஞ்சைச் சேர்த்துப் போட்டதுதான் மேடை. மேலே கூரை இல்லை. மைக் செட்காரர் வேனை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார்.

"இந்த வெயில்ல ஆம்ப்பை வெச்சா எரிஞ்சுபோயிடும் தம்பி. மேல ஏதாச்சும் கட்டுங்க. இல்லன்னா வண்டியத் திருப்பிடுவேன்."

பந்தலுக்கு எங்கே போவது? டிரம்ஸ்காரன் மோபெட்டை எடுத்தான், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஊர் எல்லையில் இருந்தது நெல் கொள்முதல் நிலையம். சம்பா அறுவடை சமயம். நெல் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் எடுப்பார்கள். அதனால் தங்கள் முறை வரும்வரை எல்லாரும் பகலில் நெல்லைப் பரப்பிக் காயவைத்து, பொழுது சாயும்போது கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். அவன் அப்பாவின் நெல்லும் அங்கே பரப்பிக் கிடந்தது. அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். ஓரமாக, மடித்துக் கல் வைத்த நீலத் தார்ப்பாய். அந்த வருஷத்து விளைச்சல் மொத்தமும் அந்தக் களத்தில் இருந்தது, அதை மூட இருந்தது அந்த ஒரு தார்ப்பாய்தான்.

அவன் தயங்கினான். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துக்கலாம்."

"அவர் சாப்பிட்டு வர்றதுக்குள்ள அந்த மைக் செட் அண்ணன் கிளம்பிடுவார்டா. அஞ்சு மணிக்குத்தானே மூடுவாங்க? நாலரைக்கு நம்ம ஐட்டம் முடிஞ்சுடும். தை மாசம்டா இது, வானத்தைப் பாரு. எடுடா!" என்றேன் நான்.

வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. எடுத்தான். மடியில் வைத்துக்கொண்டு போனது நான். அதை நாலு மூங்கிலில் இழுத்துக் கட்டினோம். மைக் செட்காரர் மனமிரங்கி இறங்கினார்.

நாலு மணிக்குக் கூப்பிட்டார்கள். அறிவிப்புச் செய்தவர், "அடுத்து நம்ம ஊர்ப் பையனும் அவங்க நண்பர்களும் வழங்கும்... தம்பி, உங்க செட்டுக்குப் பேரு என்ன?" என்று மைக்கிலேயே கேட்டார். கிட்டார்காரன் ஒன்று சொன்னான், பாடுகிறவன் வேறொன்று சொன்னான். "சரி, பேரு அப்புறம் சொல்லுவாங்க" என்றுவிட்டு அவர் போய்விட்டார். முதல் பாட்டு பிரமாதம். மியூசிக்கல் சேரில் தோற்ற பெண்களெல்லாம் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்றுவரை எத்தனையோ மேடை ஏறியாகிவிட்டது, அந்த முதல் பாட்டின் சந்தோஷம் திரும்ப வரவில்லை.

இரண்டாவது பாட்டு பாதியில் காற்று மாறியது. நான் விரலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. தார்ப்பாயில் பொட் பொட்டென்று சத்தம் கேட்டது. சட்டென்று டிரம்ஸ் நின்றுவிட்டது. திரும்பினால், குச்சியை வீசிவிட்டு, தன் ஸ்டூலின் மேல் ஏறித் தார்ப்பாயின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறான் அவன். மைக் செட்காரர் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், விடுடா! என் பாக்ஸ் நனையுது!"

"எங்கப்பா நெல்லுண்ணே! விடுங்கண்ணே! எங்கப்பா நெல்லு!"

அவர் இந்தப் பக்கம் இழுக்க, இவன் அந்தப் பக்கம் இழுக்க, அறிவிப்பாளர் மைக்கை அணைக்காமலே, "தார்ப்பாய்! தார்ப்பாய்! கிழிஞ்சிடப்போவுது, தார்ப்பாயை விடுங்கய்யா!" என்று கத்தினார். பள்ளிக்கூட வராந்தாவில் ஒதுங்கி நின்ற கூட்டத்துக்கு இது பாட்டைவிடப் பிடித்துவிட்டது. "தார்ப்பாய்! தார்ப்பாய்!" என்று தாளம் போட்டுக் கத்தினார்கள். நாங்கள் மூன்று பேரும் அவன் பக்கம் சேர்ந்து இழுத்தோம். மைக் செட்காரர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. மற்ற குவியல்கள் மூடியிருந்தன. அவன் அப்பா, முடிந்த வரைக்கும் நெல்லைக் கூட்டி, வேட்டியை அவிழ்த்து ஒரு பக்கம் போர்த்தி, இன்னொரு பக்கம் கையை விரித்துத் தானே குப்புறப் படுத்திருந்தார். அவன் அம்மா மற்ற குவியல்காரர்களிடம் சாக்கு கேட்டு ஓடிக்கொண்டிருந்தார். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். "பிடி அந்தப் பக்கம்" என்றார், அவ்வளவுதான்.

அடுத்து வந்த நாட்களில் நாங்கள் நாலு பேரும் கல்லூரிக்கே போகவில்லை. நெல்லைத் திரும்பப் பரப்பி, வரிசையாக நடந்து காலாலேயே கிளறிவிட்டோம். அடியில் கிடந்தது முளை விட்டிருந்தது, அதைப் பிரித்து ஒதுக்கினோம். ஈரப்பதம் பார்க்கிற மெஷினில் கொண்டுபோய் வைப்போம், இன்னும் காயணும் என்பார்கள். மறுபடி நடப்போம். ஒருவழியாக நெல்லை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் ஒரு பகுதி வீணாகப் போனது போனதுதான். அத்தனை நாளும் டிரம்ஸ்காரன் யாருடைய யோசனை அது என்று மூச்சு விடவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம், வேறென்ன?

கடைசி நாள் அவன் சொன்னான்: "நீங்க வேற ஆளப் பாத்துக்குங்க. நான் இனிமே குச்சியத் தொட மாட்டேன்."

நாங்கள் வேறு ஆள் பார்க்கவில்லை. அவன் வகுப்புக்கு வருவான், பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், போய்விடுவான். பஸ் ஸ்டாண்டில் அவன் ஊர்க்காரர்கள் எங்களைப் பார்த்தால், "என்ன, தார்ப்பாய் செட்டுக்காரங்க, அடுத்த கச்சேரி எப்ப?" என்பார்கள். செத்துவிடலாம் போலிருக்கும்.

மாசியில் ஒரு நாள் காலை, பாத்திரக் கடை மாடியில் நாங்கள் மூன்று பேரும் வாசிக்காமல் உட்கார்ந்திருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டிரம்ஸ்காரனின் அப்பா! தோளில் மடித்த நீலத் தார்ப்பாய், கையில் இரண்டு டிரம்ஸ் குச்சிகள். அன்றைக்கு மேடையில் அவன் வீசிய குச்சிகளை மைக் செட்காரர் வீடு வரைக்கும் போய்க் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். பின்னாலேயே, தலையைக் குனிந்துகொண்டு, அவன்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அப்பா, அன்னிக்கு அத எடுக்கச் சொன்னது நான்தாங்க. அவன் உங்ககிட்ட கேக்கணும்னுதான் சொன்னான். மன்னிச்சிடுங்கப்பா" என்று அழுதுவிட்டேன்.

"தெரியும்மா" என்றார். "மடியில வெச்சுக்கிட்டுப் போனது நீதானே? பக்கத்துக் குவியல்காரரு அன்னிக்கே சொல்லிட்டாரு. அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்துடுவீங்கன்னு நானும் விட்டுட்டேன்."

அத்தனை நாளும் தெரிந்துதான் என்னைத் தன் நெல்லில் நடக்கவிட்டிருக்கிறார்! அவன் அம்மாவும் தினமும் மத்தியானம் தன் கையால் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்!

அவர் டிரம்ஸுக்குப் பக்கத்தில் போய்த் தார்ப்பாயைக் கீழே வைத்தார். "வீட்டுல சத்தமே இல்ல. சோத்துத் தட்டுலகூடத் தட்ட மாட்டேங்கிறான். இவங்கம்மாவுக்குச் சோறு எறங்கல. எனக்கும்தான். நெல்லு அடுத்த வருஷம் வெளையும்" என்று சொல்லிவிட்டுக் குச்சியை மகனிடம் நீட்டினார். "இந்தா. தார்ப்பாய் இங்கயே கெடக்கட்டும். நான் வேற வாங்கிட்டேன். அதுல மட்டும் கைய வெச்சீங்க, அவ்வளவுதான்."

படி இறங்கும்போது நின்று, "ஊருல உங்களுக்குப் பேரு வெச்சுட்டாங்களாமே? நல்லாத்தான் இருக்கு" என்றார். பேர்ச் சண்டை அதோடு முடிந்தது.

பல வருஷம் ஓடிவிட்டது. டிரம்ஸ்காரன் இப்போது அறுவடை மெஷின் வைத்திருக்கிறான், சீசன் முடிந்ததும் எங்களோடு வருவான். போன தையில் கோயம்புத்தூரில் ஒரு கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தோம். சீசன் நேரம்தான், அந்த ஒரு நாளுக்கு மட்டும் மெஷினை வேறு ஆளிடம் விட்டுவிட்டு அவனும் வந்திருந்தான். மேடைக்குப் பின்னால் நிற்கும்போது ஊரில் மேகம் போட்டிருப்பதாக யாரோ சொன்னார்கள். உடனே போன் போட்டான்.

"அப்பா, நெல்லு களத்துலயா கெடக்கு? தார்ப்பாய் இருக்கா?"

"எல்லாம் மூடியாச்சுடா. நான் பாத்துக்கறேன். நீ போய் அடி."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு மேடைக்கு நடந்தான். போகிற வழியில் இருந்த இரும்புக் கதவில், நாற்காலியில், என் கிட்டார் பெட்டியில் தட்டிக்கொண்டே போனான்.