வரும் என்று எழுதாத மெரன்

எங்கள் தீவின் படகுத்துறையில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றாடம் காலையில் அதில் ஒரே ஒரு வரி எழுதுவது மெரன் ஸ்கியாவின் உத்தியோகம். லண்டனில் பிரதமர் என்ன சொன்னார் என்பதை நாங்கள் சாவகாசமாகத் தெரிந்துகொள்வோம். மெரன் என்ன எழுதினாள் என்று தெரியாமல் ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னித் தீவுகளின் இந்த மூலையில் ஒருவரும் முட்டைகூட வேகவைப்பதில்லை. ('எழுதினாள்' என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. அவளும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.)

அவளிடம் மூன்று வாக்கியங்கள் இருந்தன. 'படகு வரவேண்டும்' என்று பலகையில் இருந்தால் பெட்டியோடு துறைக்குப் போய் நிற்கலாம். 'படகு வரலாம்' என்றால் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரலாம். 'படகு வந்தாலும் வரலாம்' என்றால் பெட்டியைத் திறந்து பைஜாமாவை வெளியே எடுத்துவிடலாம். நாளையைப் பற்றிச் சொல்ல எங்கள் ஆங்கிலத்தில் நாலாவதாக ஒன்றும் இருக்கிறது: 'வரும்'. அதை மெரன் எழுதி யாரும் பார்த்ததில்லை. வெயில் பல்லிளிக்கிற ஜூன் மாதத்தில், கண்ணுக்கு எதிரே படகு வந்துகொண்டிருக்கும்போதும், அவள் பலகையில் 'வரவேண்டும்' என்றுதான் இருக்கும்.

இது உத்தியோகத்தால் வந்த வியாதி அல்ல. அவள் கல்யாணத்தில் போதகர், "இவரை ஆயுசு முழுக்க நேசிப்பாயா?" என்று கேட்டபோது, அவள் சர்ச் ஜன்னல் வழியாகக் கடலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நேசிக்க முடியும்னுதான் தோணுது" என்றாள். போதகர் இது செல்லுமா என்று புத்தகத்தைப் புரட்டினார். மாப்பிள்ளை எட்வின்தான், "போதும் ஐயா, இதுக்கு மேல கேட்டா இருக்கிறதும் போயிடும்" என்று கெஞ்சிக் காரியத்தை முடித்துக்கொண்டான். எட்வின் அன்று முதல் இன்று வரை சந்தோஷமாகவே இருக்கிறான். இருப்பதாகத் தோன்றுகிறது.

இந்த வரலாற்றில் என் குதிகாலுக்கும் ஓர் இடம் உண்டு. நான் இங்கே கடை வைத்திருக்கிறேன். கடையோடு சர்க்கரை வியாதியும் வைத்திருக்கிறேன். குதிகாலில் ஒரு புண். அதற்கு நர்ஸ் ஒருவர் அடிக்கடி கட்டு மாற்ற வேண்டும். எங்கள் பழைய நர்ஸ் ஓய்வு பெற்றுப் போன பிறகு எட்வின்தான் ஆட்டுக்குக் கட்டுகிற லாவகத்தோடு எனக்குக் கட்டிவந்தான். 'புது நர்ஸ் வராவிட்டால் அபர்டீனில் உங்கள் அக்கா வீட்டோடு போய்விடுங்கள்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா தங்கமானவள். அவள் வளர்க்கும் கிளி அப்படியல்ல. விடிந்ததும் அது அத்தானின் குரலில் இருமும். அத்தான் காலமாகி வெகுநாளாகிறது.

இந்த நிலையில்தான் லீட்ஸ் நகரத்திலிருந்து ரோவீனா பிளெட்சர் வந்தார். நாற்பத்தைந்து வயது, பெரிய ஆஸ்பத்திரி அனுபவம், உரத்த சிரிப்பு. வார இறுதியில் தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நர்ஸ் வேலையை ஏற்பதா என்று முடிவு சொல்வதாக ஏற்பாடு. நாங்கள் ஊர்க்கூடத்தில் விருந்து வைத்தோம். ஆட்டிறைச்சியும், மசித்த உருளைக்கிழங்கும், எட்வினின் பிடில் வாசிப்பும் பரிமாறப்பட்டன. முதல் இரண்டும் நன்றாக இருந்தன.

ரோவீனா கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"குளிர்காலத்துல கரண்ட் போகாதுல்ல?"

"போகாமலும் இருக்கலாம்" என்றான் எட்வின்.

"ஏதாவது அவசரம்னா ஹெலிகாப்டர் வருமா?"

எல்லோரும் மெரனைப் பார்த்தார்கள். அவள் யோசித்து, "மூடுபனி இல்லேன்னா வரலாம்" என்றாள்.

"சரி, திங்கட்கிழமை நான் திரும்பிப் போகணும். படகாவது வருமா?"

"வர வாய்ப்பு இருக்கு."

ரோவீனாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. என் காதில் கிளி இருமியது. நான் எழுந்து நின்றேன். "வரும்! திங்கட்கிழமை படகு கண்டிப்பா வரும். கரண்ட் போகவே போகாது. இங்க எல்லாமே வரும்!" என்றேன்.

சர்ச்சில் வைத்துக் கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரோவீனா மட்டும் நிம்மதியாகச் சிரித்தார். நானும் அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறன்றே காற்று கிளம்பிவிட்டது. திங்கள் காலையில் கடல் வெள்ளை வெளேரென்று பொங்கிக்கொண்டிருந்தது. பலகையில் 'வந்தாலும் வரலாம்'. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். ரோவீனா பெட்டியோடு துறையில் நனைந்துகொண்டு நின்றார். என்னைக் கண்டதும் நேராக வந்தார்.

"கடைக்காரரே, கண்டிப்பா வரும்னு சொன்னது நீங்கதானே?"

"அது... ஒரு ஆறுதலுக்கு..."

"நாளைக்கு எனக்கு டியூட்டி! ஒருத்தர் என்னடான்னா வாய்க்கு வந்ததைச் சொல்றீங்க, மத்தவங்க எதுக்குமே பிடி கொடுக்க மாட்டேங்கிறீங்க. இந்த ஊர்ல யாராவது ஒருத்தராவது, ஒரே ஒரு விஷயத்தை உறுதியா சொல்வீங்களா, மாட்டீங்களா?"

கேள்வி மெரனை நோக்கித் திரும்பியிருந்தது. மெரன் வழக்கம்போலக் கடலைப் பார்த்தாள். பிறகு, அவள் செய்து நான் பார்த்தேயிராத ஒன்றைச் செய்தாள். கடலிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு ரோவீனாவைப் பார்த்தாள்.

"படகு என் கையில இல்லம்மா. கரண்டும் இல்ல. அதையெல்லாம் பத்தி உறுதியா சொன்னா அது பொய். இந்தா நிக்கிறானே ஆர்ச்சி, அவன் சொன்ன மாதிரி." ஆர்ச்சி என்பது நான். "என் கையில இருக்கிறதை வேணும்னா சொல்றேன். நீ என்னிக்கு இந்தத் துறையில இறங்கினாலும் நான் இங்க நிப்பேன். நீ வர்றதுக்குள்ள உன் வீட்டுல அடுப்பு எரியும், நான் மூட்டுவேன். எந்த நேரத்துல நீ கூப்பிட்டாலும் வருவேன்."

மழையில் எட்வின் தொப்பியைக் கழற்றினான். "ஏ மெரன், எனக்குக் கல்யாணத்துலயே இதைச் சொல்லலியே!"

"அப்ப உன்னை அவ்வளவா தெரியாது" என்றாள் மெரன்.

ரோவீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் என் குதிகாலுக்கு மறுபடி உயிர் வந்தது. அன்று அவரை மெரன் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மறுநாள் காற்று அடங்கிப் படகு வந்தது. ஏறும்போது, "வேலைக்கு வருவீங்களா?" என்று கேட்டேன். "வரலாம்" என்றார், மெரனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. அந்த ஒரு வார்த்தையோடு நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வேண்டாம். அக்காவுக்குப் போன் செய்து, கிளிக்கு என்ன வயதாகிறது என்றுகூட விசாரித்தேன்.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே செய்தியைச் சொன்னார்கள். நம்பாமல் நொண்டிக்கொண்டே துறைக்குப் போனேன். பலகையில் 'படகு வரலாம்' என்று இருந்தது. அதன் கீழே, அதே கையெழுத்தில்: 'ரோவீனா வருவாள்.'

"போன்ல வாக்கு கொடுத்துட்டா. அது அவ கையில இருக்கிற விஷயம்" என்றாள் மெரன்.

படகு ரொம்பத் தாமதமாக வந்தது. மெரன், தான் சொன்னபடியே, துறையில் நின்றாள். ரோவீனாவின் வீட்டுப் புகைபோக்கியில் காலையிலிருந்தே புகை வந்துகொண்டிருந்தது. ஊரில் மற்றவர்கள் ரோவீனாவுக்கு நன்றி சொன்னார்கள். நான் கடையிலிருந்த நல்ல சாக்லேட் டப்பாவை எடுத்துப் போய் மெரன் கையில் கொடுத்தேன். அவள் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் ரோவீனா என் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தார்.

"ஆறிடுமா?" என்று கேட்டேன்.

"ஆறலாம்" என்றார். புதுத் துணியைச் சுற்றி, முடிச்சை இறுக்கினார். "ஆனா வெள்ளிக்கிழமை வருவேன்."