குவைத்தில் பார்த்த சைதாப்பேட்டை

பம்பாயிலிருந்து கிளம்பிய விமானம் குவைத்தில் இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. செப்டம்பர் மாதம். படியில் கால் வைத்ததும், சூடான இஸ்திரிப் பெட்டியை முகத்தருகே கொண்டு வந்தது போல ஒரு காற்று. எழுபதுகளின் நடுவில் தனியாக வெளிநாடு போகும் பெண்கள் குறைவு. பாஸ்போர்ட் பார்க்கும் வரிசையில் என்னோடு நின்றவர்கள் எல்லோரும் கட்டட வேலைக்கு வந்த ஆண்கள்.

நான் சரித்திரம் எம்.ஏ. முடித்திருந்தேன். மாலை வகுப்பில் இரண்டு வருடம் அரபு படித்ததால், மாணவர் பரிமாற்றத்தில் ஓராண்டு அங்கே தங்கிப் படிக்க அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீடு சைதாப்பேட்டையில், அடையாற்றிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா, அம்மா, தம்பி முரளி. அவர்களை விட்டு ஒரு வாரம்கூட நான் தனியாக இருந்ததில்லை.

ஷுவைக்கில் இருந்த பெண்கள் விடுதிக்கு டாக்சிக்காரர் ஒரு தினார் கேட்டார். படித்த அரபியில் அவரிடம் பேரம் பேசிப் பார்த்தேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். தூய இலக்கண அரபு அது. அந்த ஊரில் அப்படிப் பேசுகிறவர்கள் செய்தி வாசிப்பவர்கள் மட்டும்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

விடுதிக் கூடத்தில் ஒரு வண்ணத் தொலைக்காட்சி இருந்தது. சென்னைக்கு அப்போதுதான் தொலைக்காட்சி வந்திருந்தது. எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. சாயங்காலம் எகிப்தியத் தொடர் ஆரம்பித்தால் பெண்கள் எல்லோரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். மற்ற நேரத்தில் கதாபாத்திரங்களுக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சமையலறை அலமாரியில் அடுக்கிய பாத்திரம், கொடியில் காயும் துணி, மொட்டை மாடி. சில நொடிகள் அது எங்கள் வீடாகிவிடும். உடனே யாராவது வாயைத் திறந்து பேசிக் கெடுத்துவிடுவார்கள். அந்தப் பெட்டியில் என்றாவது ஒரு தமிழ் எழுத்து வராதா என்றுகூட ஏங்கியிருக்கிறேன்.

அங்கே எனக்குக் கிடைத்த தோழி ஹுதா. பெய்ரூத்துக்காரி, ரசாயனம் படித்தாள். அவள் ஊரில் அந்த வருடம் உள்நாட்டுச் சண்டை. ஆறு மணிச் செய்தி ஆரம்பித்ததும் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். அது ஹுதாவின் நேரம் என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். முன்வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். செய்தி முடிந்ததும், எந்தத் தெரு என்று சொன்னார்களா என யாரையாவது கேட்பாள். அவளுக்காக நானும் உட்கார ஆரம்பித்தேன். செய்தியில் வருவது நான் படித்த அரபு என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் விழத் தொடங்கியது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. செய்தி வாசித்தவர் ‘மத்ராஸ்’ என்றார். மத்ரஸா என்றால் அரபியில் பள்ளிக்கூடம். ஏதோ பள்ளிகளைப் பற்றிய செய்தி என்று நினைத்துச் சும்மா இருந்தேன். படம் வந்தது. பழுப்புத் தண்ணீர், ஒரு படகு, தலையில் மூட்டையோடு இடுப்பளவு நீரில் நடக்கும் பெண்கள். ஓரத்தில் ஒரு கடையின் பலகை. ‘கலப்பில்லாத காப்பிப்பொடி’ என்று படித்தேன். கீழ் வரி தண்ணீருக்குள் இருந்தது.

படித்த பிறகுதான், படித்தது தமிழ் என்பது உறைத்தது. எழுந்து நின்றுவிட்டேன். அதற்குள் படம் போய், யாரோ ஒரு அமைச்சர் விமானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

என்ன சொன்னார்கள் என்று எல்லோரையும் கேட்டேன். யாரும் கவனிக்கவில்லை. ஹுதா மட்டும் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். எட்டு மணிக்கு மறுபடி செய்தி உண்டு என்றாள். அதுவரை என் கையை விடவில்லை.

எட்டு மணிக்கு அவள் திரையைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தபடி, செய்தி வாசிப்பவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வாக்கியத்தையும் எனக்குப் புரியும் எளிய அரபியில் நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னாள். நதி கரையை மீறியது. தாழ்வான பகுதிகளில் வீடுகள் மூழ்கின. மக்களைப் பள்ளிக்கூடங்களில் தங்க வைத்திருக்கிறார்கள். இந்த முறை அது உண்மையாகவே பள்ளிக்கூடம்தான்.

“எந்த இடம்னு சொன்னானா?” என்று கேட்டேன்.

“சொல்லலை. சொல்ல மாட்டாங்க,” என்றாள். பிறகு, “இந்தப் படம் ரெண்டு மூணு நாள் பழசா இருக்கும். நாம பார்க்குறப்போ அங்க எல்லாம் நடந்து முடிஞ்சிருக்கும். இப்போ அவங்க எங்கயோ உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருப்பாங்கன்னு நினைச்சுக்கோ. நான் அப்படித்தான் நினைச்சுக்குவேன்,” என்றாள்.

மறுநாள் வெள்ளி, விடுமுறை. இருவரும் ஐம்பது ஃபில்ஸ் டிக்கெட்டில் பஸ் ஏறி ஃபர்வானியா போனோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் மணல், கட்டி முடியாத கட்டடங்கள். திருச்சிக்காரரான எஞ்சினியர் ராமநாதனும் அவர் மனைவி கமலாவும் அங்கே குடியிருந்தார்கள். பல வெள்ளிக்கிழமைகள் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

விஷயத்தைக் கேட்டதும் ராமநாதன் சென்னைக்கு டிரங்க் கால் பதிவு செய்தார். மாம்பலத்தில் அவருடைய நண்பர் வீட்டில் போன் இருந்தது. மத்தியானம்தான் லைன் கிடைத்தது. சைதாப்பேட்டைக்கு ஆள் அனுப்பி விசாரித்து, யாராவது கிடைத்தால் அழைத்து வரச் சொன்னார். மறுநாளுக்கு இன்னொரு கால் போட்டார். “நீ அழாதம்மா. ஊர்ல நூறு பேர் இருக்காங்க பார்த்துக்க,” என்றாள் கமலா அக்கா. ஹுதாவுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள். ஹுதா ரசத்தைத் தேநீர் என்று நினைத்து டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டாள். அன்று நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

சனிக்கிழமை மாலை முரளியின் குரல் வந்தது. கடலுக்கு அடியிலிருந்து பேசுவது போல இருந்தது.

“எல்லாரும் நல்லாருக்கோம்க்கா. ஸ்கூல் மாடில இருக்கோம். வீட்டுக்குள்ள சேறு. உன் புஸ்தகம் எதையும் காப்பாத்த முடியல.”

“அம்மாவ கூப்பிடு.”

“இங்க வந்திருக்கா. பேச மாட்டேங்கறா. பேசினா நீ கிளம்பி வந்துடுவியாம்.”

அதோடு லைன் அறுந்தது. அம்மா நினைத்தது சரிதான். அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பேன். பேசாததால் தங்கினேன்.

அதன் பிறகு ஆறு மணிச் செய்திக்கு நாங்கள் இருவருமாக முன்வரிசையில் உட்கார்ந்தோம். என் ஊர் மறுபடி வரவில்லை. ஹுதாவின் ஊர் தினமும் வந்தது. வகுப்பில் படித்த பாடத்தையெல்லாம் விட, அவளுக்கு வந்த சேதிகளைக் கேட்டே என் அரபு தேறியது. இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

ஜூனில் படிப்பு முடிந்தது. ஹுதாவுக்கும் முடிந்தது, ஆனால் பெய்ரூத் விமான நிலையம் மூடிக் கிடந்தது. கோடை முழுவதும் விடுதியில் இருக்க அனுமதி வாங்கியிருந்தாள். வழியனுப்ப வந்தவளிடம் சென்னைக்கு வந்துவிடு, எங்கள் வீட்டில் இரு என்றேன். “வீட்டுல இருந்து கடிதம் வந்தா, நான் இங்க இருக்கணும்ல,” என்றாள்.

பம்பாயில் இறங்கி, ரயில் பிடித்துச் சென்னை வந்து சேர்ந்தேன். வீட்டுக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். அம்மா என் முழங்கையைப் பிடித்து இளைத்துவிட்டாய் என்றாள். அந்த வாரமே எதிர்வீட்டில் தொலைக்காட்சி வாங்கினார்கள். தெருவே போய் உட்கார்ந்தது, நானும் போனேன். தமிழில் செய்தி. காதைத் தீட்டிக்கொள்ள வேண்டாம், யாரும் திருப்பிச் சொல்ல வேண்டாம். எல்லாம் அதுபாட்டுக்குப் புரிந்தது. குழந்தைகள் சத்தம் போட்டார்கள், யாரோ முறுக்கு கொடுத்தார்கள். நடுவில் பெய்ரூத்தில் கடும் சண்டை என்று ஒரு வரி வந்தது. படம் காட்டவில்லை. எந்தத் தெரு என்று சொல்லவில்லை.